சித்த நகர்ந்து உட்காருங்க: குறிஞ்சிப்பாடியில் இடம் பிடிப்போர் கையேடு

இந்தக் கையேடு எல்லோருக்குமானது அல்ல. கடலூர்–விருத்தாசலம் சாலையில் பிறந்தது முதல் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்கு இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. பிழை கண்டால் அவர்கள் திருத்தலாம். வெளியூரிலோ வெளிநாட்டிலோ சில காலம் இருந்துவிட்டுக் குறிஞ்சிப்பாடியில் வந்து இறங்கியதும், “இங்க யாருக்குமே பர்சனல் ஸ்பேஸ்னா என்னன்னு தெரியல” என்று முகம் சுளிக்கும் மாப்பிள்ளைகளுக்கும், மடிக்கணினித் தம்பிகளுக்கும், மாற்றலாகி வந்த வங்கி அதிகாரிகளுக்கும் இது எழுதப்பட்டது. அன்பர்களே, இங்கே எல்லோருக்கும் அது தெரியும். உங்களைவிட நன்றாகவே தெரியும். நீங்கள் அதை உடம்பைச் சுற்றித் தேடுகிறீர்கள். அது அங்கே இல்லை.

முதல் வேலையாக, மனத்தில் வைத்திருக்கும் அளவுநாடாவைச் சுருட்டி வையுங்கள். அது எட்வர்ட் டி. ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் கொடுத்தது. 1966-இல் வந்த ‘தி ஹிடன் டைமன்ஷன்’ நூலில் அவர் மனிதரைச் சுற்றி நான்கு வட்டம் போட்டார். ஒன்றரை அடிக்குள் வரலாம் என்றால் மிக நெருங்கியவர். 4 அடி வரை நண்பர். 12 அடி வரை அலுவல் பேசுகிறவர். அதற்கு அப்பால் பொதுஜனம். எத்தனை அடி நெருங்கினால் எந்த விலங்கு ஓடும் என்று சுவிட்சர்லாந்து விலங்குக் காட்சிசாலைகளில் கவனித்து எழுதிய ஹைனி ஹெடிகரிடமிருந்து ஹாலுக்கு யோசனையில் ஒரு பங்கு கிடைத்தது. தான் கண்ட அளவுகள் அமெரிக்க வடகிழக்குக் கரையோரத்து நடுத்தர வகுப்பாருடையவை என்று ஹாலே எச்சரித்திருக்கிறார். அளவுகளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டது அவர் குற்றமில்லை.

2017-இல் 42 நாடுகளில் ஏறக்குறைய 9,000 பேரிடம் கேட்டு ஓர் ஆய்வு வந்தது. தெரியாத ஆளிடம் மிக நெருங்கி நிற்பவர்கள் அர்ஜென்டினாக்காரர்கள், மிகத் தள்ளி நிற்பவர்கள் ருமேனியாக்காரர்கள் என்றார்கள். வெயில் நாட்டார் அந்நியரை அதிகம் நெருங்குகிறார்கள் என்பதும் அதில் கண்டது. கத்திரி வெயிலில் பஸ் நிறுத்தத்து மின்கம்பத்தின் நிழல் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளத்துக்கு, ஒருவர் முதுகில் ஒருவர் மூச்சுவிட்டுக்கொண்டு நேர்கோட்டில் நிற்பவர்களைப் பார்த்த எவருக்கும் இதைச் சொல்ல ஆய்வு தேவைப்படாது.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

துண்டு

பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே ஓடத் தொடங்க வேண்டும். வண்டி நின்ற பிறகு ஓடுகிறவர் வடலூர் வரை நின்றுகொண்டுதான் போவார். ஓடும்போது பார்வை படிக்கட்டில் இருக்கக் கூடாது, ஜன்னலில் இருக்க வேண்டும். படி வழியாக ஏறுவது உடம்புக்கு. ஜன்னல் வழியாக ஏறுவது உரிமைக்கு.

எதைப் போடுவது? துண்டு உத்தமம். கைக்குட்டை மத்திமம், அழுக்கான கைக்குட்டை என்றால் துண்டுக்குச் சமம், யாரும் தொட மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் உருண்டு போகும். செய்தித்தாளை நம்பவே கூடாது. எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுவார்கள், படிக்கிறவர் உட்கார்ந்துதானே படிப்பார். ராபர்ட் சாமர் என்ற உளவியலாளர் இன்னொருவருடன் சேர்ந்து 1969-இல் நூலக மேசைகளில் இதையே சோதித்திருக்கிறார்: பத்திரிகை வைத்த இடத்தைவிட, ஒரு ஆள் கழற்றிப் போட்ட சட்டை இருக்கும் இடத்தை மற்றவர்கள் அதிகம் மதித்தார்கள். உடம்பிலிருந்து வந்த பொருளுக்கு உடம்பின் மரியாதை. இதையறிந்த நம் தாய்மார்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஜன்னல் வழியாகக் குழந்தையையே உள்ளே கொடுத்துவிடுகிறார்கள். குழந்தையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவர் தமிழ்நாட்டில் இதுவரை இல்லை.

துண்டு போட்டாகிவிட்டது. நீங்கள் இன்னும் படிக்கட்டில் தொங்குகிறீர்கள். உள்ளே ஒருவர் துண்டை ஒதுக்கிவிட்டு உட்காரப் பார்க்கிறார். இப்போது நீங்கள் சொல்ல வேண்டியது இரண்டே சொல்: “ஆள் வருது.” யார் என்று சொல்லக் கூடாது. எப்போது என்று சொல்லக் கூடாது. “எங்கப்பா ஆளு?” என்று கேட்டால் கூட்டம் அதிகமாக இருக்கும் திசையில் முகவாயை நீட்டினால் போதும். இல்லாத ஆளுக்கு இருக்கிற ஆள் இடம் விட்டு நிற்கும் இந்த அதிசயத்தைத் தத்துவம் படித்தவர்கள் கவனிக்க வேண்டும்.

எதிர்வாதமும் உண்டு. “துண்டு போட்டா பஸ்ஸையே வாங்கிட்டதா அர்த்தமா?” என்று ஒரு குரல் எழும். அதற்குப் பதில் சொல்லக் கூடாது. சொன்னால் வழக்கு கண்டக்டரிடம் போகும். கண்டக்டருக்கு இந்த விஷயத்தில் உறுதியான தீர்ப்பு எதுவும் கிடையாது. “ஏதாவது பேசி முடிச்சு உக்காருங்கப்பா, வண்டி எடுக்கணும்” என்பதே அவருடைய சட்டம். சட்டப் புத்தகத்தில் துண்டுக்கு இடமில்லை. ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை துண்டு ஜெயிக்கிறது. நம் அரசியல் செய்தியாளர்கள் கூட்டணிப் பேச்சைப் பற்றி எழுதும்போது இன்ன தொகுதிக்கு இன்னார் துண்டு போட்டுவிட்டார் என்று எழுதுவது சும்மா இல்லை.

இடம் பிடிக்கவில்லையா? கவலை வேண்டாம், மூன்று பேர் இருக்கை இருக்கிறது. மூவர் இருக்கையில் நான்காவதாக உட்காரும் கலை இந்தப் பக்கத்தில் நன்கு வளர்ந்த கலை. இதில் கண்ணைப் பார்த்துக் கேட்கக் கூடாது. இருக்கையின் விளிம்பில் இல்லாத அந்த நாலு அங்குல இடைவெளியைப் பரிவோடு பார்க்க வேண்டும். பிறகு, “அண்ணே, சித்த நகர்ந்து உட்காருங்க.” இதில் வேலை செய்வது ‘நகர்ந்து’ அல்ல, ‘அண்ணே’. சார் என்றால் அவர் நகர மாட்டார். சார்களுக்குத் தனி உடம்பு உண்டு. அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவே ஒன்றரை அடி எதற்கு? ஹால் போட்ட முதல் வட்டத்துக்குள் நுழைய நம்மிடம் இருக்கும் அனுமதிச் சீட்டு உறவுமுறைதான். அக்கா, ஐயா, பெரியம்மா, தம்பி, பாப்பா. உட்கார்ந்த பிறகு ஊர் கேட்பார்கள், வேலை கேட்பார்கள், கல்யாணம் ஆச்சா, எத்தனை பிள்ளை, ஏன் இன்னும் இல்லை என்று கேட்பார்கள். இது அத்துமீறல் இல்லை. நான்கு அங்குலத்துக்கு வாடகை.

பக்கத்து ஆள் தோளில் சாய்ந்து தூங்கினால் நெய்வேலி வரை விட்டுவிடுங்கள். உங்கள் செய்தித்தாளை இருவர் எட்டிப் படித்தால் பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு கணம் தாமதியுங்கள். அவர்களில் ஒருவர் இன்னும் கடைசிப் பத்தியில் இருப்பார்.

இத்தனையும் ஆண்களுக்கு. தெரியாத பெண் ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கும் இருக்கையில் இரண்டு இடம் காலியாக இருந்தாலும், ஆண் அதில் உட்காராமல் விருத்தாசலம் வரை நிற்பார். அப்படி நிற்பதை எல்லோரும் ஒழுக்கம் என்கிறோம். நின்றுகொண்டே, வளைவில் வண்டி திரும்பும்போது வேண்டுமென்றே சாய்கிறவரும் அப்படி நிற்பவர்களில் ஒருவராக இருப்பார். அதற்கு வண்டியின் மேல் பழி போடுகிறோம். “நெரிசல்ல இதெல்லாம் சகஜம்” என்று சொல்கிறவர் அநேகமாக ஆணாகத்தான் இருப்பார். 2021 மே மாதம் தொடங்கி டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பயணம் இலவசமானதே தவிர இடித்தல் குறைந்தபாடில்லை. ஹால் சொன்ன பதினெட்டு அங்குலத்தை இந்த ஊரில் துல்லியமாக அளக்கத் தெரிந்தவர்கள் டவுன் பஸ்ஸில் வேலைக்கும் கல்லூரிக்கும் போகும் பெண்கள் மட்டுமே. அளவை மீறுகிறவருக்கு அவர்கள் வைத்திருக்கும் கருவி ஊக்கு. எங்கே குத்துவது, எவ்வளவு ஆழம் என்பதற்கு இந்தக் கையேடு தேவையில்லை; பாட்டியிடம் கேட்கலாம்.

வரிசை பற்றிச் சுருக்கமாக

வரிசையில் உங்களுக்குப் பதில் எது வேண்டுமானாலும் நிற்கலாம்: குடம், செருப்பு, பை, செங்கல். 2020-இல் கொரோனாவுக்காக ரேஷன் கடை வாசலில் சுண்ணாம்பு வட்டம் போட்டபோது, அரசு எதிர்பார்த்தது வட்டத்துக்கு ஒரு மனிதர். வட்டத்துக்குள் செருப்பும் பையும் கல்லும் ஒழுங்காக இடைவெளி விட்டு நின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே வேப்பமர நிழலில் நெருக்கிக்கொண்டு கதை பேசினார்கள். அரசாணையை இதைவிடக் கச்சிதமாக நிறைவேற்ற முடியாது.

ஏடிஎம்மில் உங்கள் தோளுக்கு மேல் ஒரு முகம் தெரிந்தால் அவர் திருடர் அல்ல. நீங்கள் தவறான பொத்தானை அழுத்தப் போகிறீர்களே என்ற கவலை அவருக்கு. இருந்தாலும் எண்களைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் கழிப்பிடத்தில் பக்கத்தில் ஆள் நின்றால் வரவேண்டியது வரத் தாமதமாகும் என்று 1976-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நிரூபித்தார்கள். அடுத்த அறைக்குள் ஒளிந்து, புத்தகக் குவியலில் செருகிய பெரிஸ்கோப் வழியாகப் பார்த்து நேரம் குறித்தார்களாம். யார் யாருடைய இடத்தை அத்துமீறினார்கள் என்று அன்றைக்கே பலர் கேட்டார்கள். நம் பஸ் நிலையங்களில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. சுவருக்கும் நமக்கும்தான் நெருக்கம்.

பந்தி

இதுதான் கடினமான பாடம். கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி போய்விட்டது. இரண்டாவது பந்திக்குத் துண்டு போட முடியாது, நாற்காலியில் ஆள் இருக்கிறார், அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். என்ன செய்வீர்கள்? அவர் பின்னால் போய் நிற்பீர்கள்.

எப்போது போய் நிற்பது என்பதில்தான் அனுபவம் இருக்கிறது. சாம்பாரில் போய் நின்றால் அநாகரிகம். ரசத்தில் போய் நின்றால் சரியான நேரம். மோருக்குக் காத்திருந்தால் இடம் போய்விடும். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். இலையில் இனிப்பை மிச்சம் வைத்திருக்கிறவர் பின்னால் நிற்காதீர்கள், அவர் ரசித்துச் சாப்பிடுகிறவர். குழந்தைக்கு ஊட்டும் அம்மா பின்னால் நிற்கவே கூடாது. செல்போனை இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் இளைஞர் நல்ல தேர்வு. ஒரு கையை நாற்காலி முதுகில் வையுங்கள்; இது மிக முக்கியம். கை வைக்காமல் நிற்கிறவர் வேடிக்கை பார்க்கிறவர்; கை வைத்தவர்தான் வாரிசு.

நெருங்கி நின்றால் சீக்கிரம் எழுந்துவிடுவார் என்று நினைப்போம். அங்கேதான் தவறு. பேரி ரூபாக் என்ற ஆய்வாளரும் அவருடன் ஒருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வுக்காக அட்லாண்டா பக்கத்துக் கடைத்தொகுதி ஒன்றின் வாகன நிறுத்தத்தில் உட்கார்ந்து கவனித்தார்கள். வண்டியை எடுத்துப் போகவிருக்கும் ஆள், அந்த இடத்துக்காக வேறொரு கார் காத்திருக்கிறது என்று தெரிந்தால், கிளம்ப அதிக நேரம் எடுத்துக்கொண்டார். காத்திருந்தவர் ஹாரன் அடித்தால் இன்னும் அதிகம். போகப்போகிற இடம்தான், ஆனால் கேட்கிறான் என்றதும் அது என் இடமாகிவிடுகிறது. பின்னால் ஆள் நிற்பது தெரிந்ததும், அதுவரை வேண்டாம் என்று கை மறித்த பெரியவர் “கொஞ்சம் பாயசம் விடுப்பா” என்று கூப்பிடுவதன் ரகசியம் இதுதான். இரண்டாம் தடவை மோர் கேட்பார். வாழைப்பழத்தை நார் நாராக உரிப்பார். உங்கள் கையின் சூடு அவர் முதுகில் பட்டுக்கொண்டே இருக்கும். அவர் பீடாவைப் பிரித்துப் பார்த்து மூடி வைப்பார்.

அந்த ஆய்வில் இன்னொன்றும் கண்டார்கள். காத்திருந்த கார் விலை உயர்ந்ததாக இருந்தால் ஆண்கள் சீக்கிரம் இடத்தைக் காலி செய்தார்கள். பந்தியில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. உங்களுக்குப் பதில் கட்சிக்கரை வேட்டி கட்டிய மாவட்டப் பொறுப்பாளர் ஒருவரைப் போய் நிற்கச் சொல்லுங்கள். இலை பாதியில் மூடும்.

இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். முன்பின் தெரியாத ஒருவர் மூச்சு பிடரியில் படும்படி நிற்கிறார், பெரியவர் அசையவில்லை. பதவிக்காரர் ஒருவர் பத்தடி தள்ளி நுழைகிறார், அதே பெரியவர் எழுந்து நிற்கிறார். இந்த மண்ணில் இடைவெளியை அளக்கும் கருவி அடிக்கோல் இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வாசலும் வரப்பும்

வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாலை பேரூராட்சியுடையது. இது சட்டம். வீட்டுக்கு முன்னால் இருக்கும் சாலை நம்முடையது. இது நடைமுறை. இதை நிலைநாட்டப் பல வழிகள் உள்ளன. இரண்டு கருங்கல்லை வெள்ளையடித்துப் போடலாம். கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வைக்கலாம். ‘இங்கு வண்டி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதி மாட்டலாம். எழுதியபடி பிடுங்கியும் விடலாம். இவை எல்லாவற்றையும் விடச் செலவு குறைந்த வழி, விடியற்காலையில் சாணம் தெளித்து ஒரு பிடி கோலமாவில் அரைச் சாலைக்குக் கோலம் போடுவது. மார்கழியில் முக்கால் சாலையும் போகும். லாரி டிரைவர்கூட ஒடித்துத் திருப்பிப் போவார். எந்த வேலிக்கும் இந்த மரியாதை இல்லை.

வயலில் நிலைமை வேறு. பஸ்ஸில் மடிமேல் உட்கார இடம் கொடுத்த அதே மனிதர், வரப்பில் நாலு விரற்கடை போனால் மண்வெட்டியைத் தூக்குவார். பெருமாள் ஏரிப் பாசனமோ மல்லாட்டைக் கொல்லையோ, முந்திரித்தோப்போ, எதுவானாலும் விதி ஒன்றுதான். நீங்கள் புதிதாக நிலம் வாங்கியவர் என்றால் பக்கத்துக்காரர் ஒவ்வொரு போகத்துக்கும் அண்டை வெட்டும்போது கூடவே நில்லுங்கள். அவர் வரப்பைச் சீராக்குகிறேன் என்று தன் பக்கத்தில் கொஞ்சம் செதுக்குவார். அணைக்கிறேன் என்று உங்கள் பக்கத்தில் அந்த மண்ணைப் போடுவார். வரப்பு அதே அகலம், அதே உயரம். சில வருடம் கழித்துப் பார்த்தால் அது உங்கள் நிலத்துக்குள் நடந்து வந்திருக்கும். வரப்புக்குக் கால் உண்டு என்பதை விவசாயத் துறை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. வருவாய்த் துறைக்குத் தெரியும். 1923-ஆம் ஆண்டின் நில அளவை, எல்லைகள் சட்டம் பெரிதும் அதற்காகத்தான் இருக்கிறது. புலப்பட நகல் வாங்குங்கள், சர்வேயர் அளவுக்கு மனுப் போடுங்கள், எல்லைக் கல்லைக் கண்ணில் படும்படி வையுங்கள். அதுவரை பக்கத்துக்காரரோடு சண்டை போடாதீர்கள். அவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்திக்குப் போக வேண்டியிருக்கும்.

வெளி

தைப்பூசத்தன்று வடலூருக்குப் போய்வாருங்கள், நெருக்கம் என்றால் என்னவென்று தெரியும். பக்கத்திலேயே இருக்கிறது. வள்ளலார் 1872-இல் கட்டிய சத்திய ஞான சபையில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிச் சோதி காட்டுவார்கள். அந்தக் காட்சிக்காகக் கூட்டம் நிற்கும் மைதானத்துக்குப் பெயரே பெருவெளி. லட்சம் பேர் நிற்கலாம், யார் காலை யார் மிதித்தார் என்று யாரும் கேட்பதில்லை. 1867-இல் அவர் தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. அங்கே சாப்பாட்டுக்கு முன்பதிவும் கிடையாது.

ஆனால் அந்த வெளிக்கு ஆபத்து என்றதும் நடந்ததைக் கவனியுங்கள். 2024-இல் அரசு அந்தப் பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட வேலை தொடங்கியபோது, ஒரு காலத்தில் நிலம் கொடுத்த பார்வதிபுரத்து மக்கள் தடுத்துப் போராடினார்கள். காலியாக இருப்பதுதான் அந்த இடத்தின் வேலை என்றார்கள். எனக்கு அவர்கள் கட்சி சரியாகவே படுகிறது.

சிதம்பரமும் ரொம்பத் தூரமில்லை. அங்கே திரைக்குப் பின்னால் இருப்பது தங்க வில்வ மாலை தொங்கும் வெற்றிடம். வெளியையே சாமியாகக் கும்பிடும் தலம். அந்த வெளிக்கு எத்தனை அடி அருகில் யார் போகலாம் என்பதில்தான் வழக்கு. கனகசபை மேல் ஏறிப் பக்தர்கள் கும்பிடலாம் என்று 2022 மே மாதத்தில் அரசாணை வந்தது. 2023 ஆனித் திருமஞ்சனத்தின்போது நான்கு நாள் ஏறக் கூடாது என்று தீட்சிதர்கள் பலகை வைக்க, காவலர் துணையோடு அதிகாரிகள் அதை எடுத்தார்கள். சில படிகளுக்கு இத்தனை அரசியல். படி உயரம் என்பதால்தான்.

உயரம்

குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பேர் போன ஊர். கைலியை நெய்யும் ஊரில் கைலி பேசும் மொழியையும் படித்துக்கொள்ள வேண்டும். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தால், இது என் தெரு, நான் என் வசதிப்படி இருக்கிறேன் என்று பொருள். எதிரே பெரியவர் வந்ததும் மடிப்பு தானாக அவிழ்ந்து கணுக்காலுக்கு இறங்கும். யார் வந்தால் இறங்குகிறது, யார் வந்தால் இறங்கவில்லை என்று ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்தத் தெருவின் வரைபடம் கிடைத்துவிடும். கால்மேல் கால் போடுவதும் அப்படித்தான். கால் பக்கத்து ஆள் மேல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறந்துவிடுவோம். யார்மேலும் படாமல், பத்தடி தள்ளி, ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தால் மறக்க மாட்டோம்.

பஸ்ஸில் போட்ட துண்டைப் பற்றிச் சொன்னேன். அந்தத் துண்டு தோளில் கிடக்கலாமா, இடுப்பில் இறங்க வேண்டுமா, கக்கத்தில் ஒடுங்க வேண்டுமா என்பதற்கும் விதி இருந்தது. சுயமரியாதை இயக்கக் காலத்தில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில், ஊர்வலத்தில் நாகசுரம் வாசித்தவரைத் தோள் துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுக்க வேண்டாம் என்று இயக்கத்தைச் சேர்ந்த பட்டுக்கோட்டை அழகிரி பக்கத்தில் நின்றார். அதன் பிறகுதான் வாசிப்பு நடந்தது. மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தில் 1989-இல் இரு சாதித் தெருக்களுக்கு நடுவே எழுப்பிய சுவரில் ஒரு பகுதியை இடிக்க 2008 மே வரை ஆனது. இந்த மாதிரி எல்லைகளுக்குச் சர்வேயர் தேவைப்படுவதில்லை, எல்லோருக்கும் மனப்பாடம்.

தூரத்து ஊர்க் கதை வேண்டாம் என்றால், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. புவனகிரி பக்கம் தெற்குத் திட்டை ஊராட்சி. பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி. தேர்தலில் ஜெயித்து வந்தவர். 2020 ஜூலையில் நடந்த கூட்டத்தின் புகைப்படம் ஒன்று அக்டோபரில் வெளியே வந்தது. மற்றவர்கள் நாற்காலியில். தலைவர் தரையில். படம் நாடு முழுக்கப் பரவிய பிறகு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிந்தார்கள், ஊராட்சிச் செயலரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள்.

அந்தப் படத்தில் யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஹாலின் கணக்குப்படி எல்லோரும் நாகரிகமான தூரத்தில்தான் இருக்கிறார்கள். மேலே எழுதிய துண்டு, பந்தி, வரப்பு எல்லாவற்றையும் விளையாட்டாகச் சொல்லலாம். இந்த நாற்காலியைச் சொல்ல முடியாது. இடித்தால் பொறுத்துக்கொள்ளும் ஊர், சமமாக உட்கார்ந்தால் பொறுத்துக்கொள்ளாது.

ஆகவே, மாப்பிள்ளை, கடைசிப் பயிற்சி இதுதான். தமிழ்நாட்டில் கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துப் பக்கத்து ஊராட்சி ஒன்றுக்குப் போங்கள். தீர்மானங்களைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் நாற்காலிகளை எண்ணுங்கள். யார் உட்கார்ந்திருக்கிறார், யார் தரையில், யார் கதவோரம் நிற்கிறார் என்று பாருங்கள். தலைவர் பெண்ணாக இருந்தால், அவர் நாற்காலியில் இருப்பது அவரா, அவர் கணவரா என்றும் பாருங்கள். வேறு யாராவது இருந்தால், “அண்ணே, அது தலைவர் நாற்காலி, எழுந்திருங்க” என்று சொல்லுங்கள். நகர்ந்து உட்காரச் சொல்லிப் பழகிய வாய்க்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.